முழு டிக்கெட் கேட்ட கௌசி

அன்புள்ள செல்விக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல சேதி சொல்லத்தான் ஆசை. ஆனால் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கௌசிக்கு நாளைக்கு மதுரையில் வயிற்றில் ஆபரேஷன். நீ இருக்கும்போதே வயிற்றுவலி, கழிச்சல் என்று கிடந்தாளே, அது குடலில் புண்ணாம். கிரோன் நோய் என்றார்கள். புண்பட்டுப் புண்பட்டுக் குடல் ஓரிடத்தில் சுருங்கிவிட்டது. தின்பது உடம்பில் ஒட்டவில்லை. பதினாலு வயது முடிந்தும் நாலாம் வகுப்புப் பிள்ளை போல இருக்கிறாள். இன்னும் பெரியவளாகவில்லை.

நடுவில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கன்னம் உப்பியது. "பிள்ள பூசினாப்புல ஆயிட்டா" என்று தெருவே மெச்சியது. கண் பட்டுவிடும் என்று என் அக்கா உப்பும் வத்தலும் எடுத்துச் சுற்றிப் போட்டாள். நானும் நம் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். அது மாத்திரை வீக்கமாம், செல்வி. உயரம் ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. அந்த மாத்திரையே வளர்த்தியைப் பிடித்து வைக்குமாம்.

சுருங்கின துண்டை இப்போதே எடுத்தால் வளர வாய்ப்பு உண்டு, வளரும் வயது தாண்டினால் கஷ்டம் என்கிறார் டாக்டர். "அப்போ நோய் போயிருமா சார்?" என்று கேட்டேன். வேறு இடத்தில் திரும்பவும் வரலாம் என்றார்.

"ஏலே, பொட்டப்பிள்ள வயித்துல கத்தி வைக்கவா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அக்கா அழுதாள். அவளை அதட்டிவிட்டு வெளியே வந்து நானும் அழுதேன். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் சம்மதித்தது சரிதானா?

இன்று பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலே அவளுக்கு அரை டிக்கெட் கிழித்தார். "அண்ணாச்சி, எனக்கு முழு டிக்கெட் தாங்க. பதினாலு முடிஞ்சிட்டு" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாத்தூர் தாண்டியதும் என் காதோரம் வந்து, "ஏப்பா, வெட்டுனா வளந்துருவேம்லா?" என்றாள்.

"வளராம எங்க போவ, ஏட்டி?" என்று சொல்லிவிட்டேன். எனக்கென்ன தெரியும்?

இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவளுக்கு இரத்தம் எடுக்கிறார். கௌசி முகத்தைத் திருப்பிக்கொண்டு என் இடதுகையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். மறுகையால் இதை எழுதுகிறேன்.

அவள் ஆளாகும் நாளில் உன் கூறைப்பட்டைத்தான் கட்டிவிடச் சொல்வேன். இது சத்தியம். அவளைப் பார்க்க உனக்கும் ஆசை இருக்கும். நாளைக்கு மயங்கிக் கிடக்கும்போது வந்து பார்த்துவிட்டுப் போ, செல்வி. உன்னோடு கூப்பிட்டுக்கொண்டு மட்டும் போய்விடாதே.

நீ கூப்பிட்ட பெயரிலேயே,
கௌசி அப்பா