ரசம் முதலில் வந்த விருந்து

அப்பா,

காலையிலிருந்து வீடு முழுக்கச் சீனி கருகும் வாசனை. கஸ்டர்டு புட்டிங்குக்குப் பாகு காய்ச்சுகிறேன். முதல் சட்டி கரியாகிவிட்டது. "பாகு வைக்கையில வேற நெனப்பே ஆகாதும்மா" என்பீர்கள். எனக்கு இன்று வேறு நினைப்புத்தான். நாளை மதியம் சக்குபள்ளத்திலிருந்து என் மகனுக்குப் பெண் கொடுப்பவர்கள் நிச்சயம் பேச வருகிறார்கள். வாழையிலை போட்டு எல்லாரையும் போலப் பரிமாறிவிடலாம் என்கிறான் அவன். நான் முடியாது என்றுவிட்டேன். உங்கள் முறையில்தான் பரிமாறப் போகிறேன். ஏன் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல.

சித்திரபுரத்துக்கு மேலே, நீங்கள் பட்லராக இருந்த அந்தத் தோட்டத்து பங்களாவில் துரையும் துரைசாணியும் இரண்டே பேர். மேசையோ பன்னிரண்டு பேர் உட்காருவது. ஆளுக்கொரு முனையில் உட்காருவார்களாம். மழை கொட்டி, ஈ காக்கை எட்டிப் பார்க்காத நாளிலும் அவர் கறுப்புக் கோட்டும் அவள் தரை தொடும் கவுனும் போட்டுக்கொண்டுதான் ராச்சாப்பாட்டுக்கு வருவார்கள். முதலில் சூப், அப்புறம் மீன், அப்புறம் ஆட்டுக்கறி ரோஸ்ட், கடைசியில் புட்டிங். ஒவ்வொன்றுக்கும் தட்டு மாறும். ஞாயிறு மதியம் மட்டும் மிளகுத்தண்ணியும் சோறும் கோழிக்குழம்பும்; அதைச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை இருவரும் தூங்குவார்கள். சமையல் வாசனை ஆகாது என்று சமையல்கட்டைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். மூடி போட்ட பாத்திரங்களோடு மழையில் ஓடியது நீங்கள். சீனியும் மாவும் பூட்டிய அலமாரியில் இருக்கும். துரைசாணி தினமும் காலையில் திறந்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் அளந்து கொடுப்பாள்.

கத்தியும் முள்கரண்டியும் தட்டில் சேர்ந்து கிடந்தால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம், தட்டை எடுக்கலாம். விலகிக் கிடந்தால் தொடக்கூடாது. அதையே பார்த்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்பீர்கள். பேசக்கூடாது. ஒரே ஒரு தடவை, துரைசாணி சூப்பில் கரண்டியை வைத்தபோது, "சூடா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டீர்கள். துரை தன் கரண்டியைக் கீழே வைத்து உங்களைப் பார்த்தார். மறுநாள் தொடங்கி ஒரு மாதம் பாத்திரம் கழுவப் போட்டார்கள். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

துரை சீமைக்குப் போகும்போது நீல விளிம்பு போட்ட எட்டு சூப் தட்டுகளை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த மேனேஜர்கள் நம்மைப் போலக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். உங்கள் முறைக்கு பங்களாவில் வேலையில்லாமல் போனது. அந்த முறையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். நம் வீட்டில் ரசம்தான் சூப். அதைக் கரண்டியால் குடித்து முடித்தால் வறுத்த மீன், அதற்குப் பிறகே சோறும் குழம்பும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கென்னவோ பெருமையாகத்தான் இருந்தது.

என்னைப் பெண் பார்க்கப் போடியிலிருந்து வந்தார்களே, அன்றைக்கும் அப்படித்தான் மேசை போட்டீர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டு கரண்டி ரசம் குடித்தார். கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டு, போடிமெட்டு ஏற்றத்தில் வேன் சூடாகி நின்ற கதையை அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார். தட்டில் கரண்டி கிடந்ததைப் பார்த்ததும் உங்கள் கை தானாகப் போய்த் தட்டை எடுத்துவிட்டது.

நம் பக்கம் ரசம் வந்தால் சாப்பாடு முடியப்போகிறது. சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து தட்டை எடுத்தால் எழுந்து போ என்று அர்த்தம். நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்தீர்கள்.

"என்னய்யா இது, சாப்பிட உக்கார வச்சுட்டுத் தட்டத் தூக்குறீங்க? ரசத்தக் காட்டி அனுப்பி வைக்கிற வீடா இது?" என்று எழுந்துவிட்டார்.

உள்ளே மீன் பொரிந்துகொண்டிருந்தது. 'ஐயா, இனிமேத்தான் சாப்பாடே வருது' என்று ஒரு வார்த்தை போதும். நீங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றீர்கள். அவர்கள் செருப்பு மாட்டி வேனில் ஏறும்வரை அப்படியே நின்றீர்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

"மேசையில நிக்குறவன் பேசக்கூடாதும்மா" என்றீர்கள், எல்லாரும் போனபிறகு.

"அது துரை வீட்டு மேசை. இது நம்ம வீடு. இங்க நீங்க பட்லர் இல்ல, எனக்கு அப்பா" என்று கத்தினேன். ஊமை என்றும் சொன்னேன். அன்றே தட்டுகளைப் பரணில் ஏற்றினீர்கள். அதற்குப் பிறகு ஒரு தட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து, இரண்டு நிமிஷத்தில் சாப்பிட்டு எழுந்துவிடுவீர்கள். எனக்கு நல்ல இடத்தில்தான் கல்யாணம் ஆனது. அந்தக் கல்யாணப் பந்தியில் பரிமாற ஒரு கரண்டியைக்கூட நீங்கள் தொடவில்லை. நீங்கள் சாகும்வரை நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன வாரம் தட்டுகளை இறக்கினேன். ஐந்துதான் உடையாமல் இருக்கின்றன. மிச்சத்துக்கு அடிமாலியில் வேறு வாங்கினேன். கழுவும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்? பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். நடந்தது எல்லாம் எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரிந்தது. என்னை எந்தத் துரையும் முறைத்துப் பார்த்ததில்லை, அப்பா. பொண்ணு பேசினால் அடக்கமில்லை என்பார்களே என்று நானும்தான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அப்புறம் உங்களை ஊமை என்றேன்.

"எதுக்கும்மா வம்பு? தாத்தா காலத்துல நடந்தது மாதிரி ஆயிறப் போகுது" என்றான் மகன்.

"ஆகாது. தாத்தா பேசல. நான் பேசுவேன்."

"அப்பயும் எந்திரிச்சுப் போயிட்டா?"

"வாசல்ல குறுக்க நின்னு, கையக் கழுவிட்டு வந்து உக்காருங்கம்பேன்."

பிள்ளை வாழ்க்கையில் விளையாடுகிறேனோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அதனால் கட்டிக்கப் போகிற பெண்ணையே போனில் கேட்டேன். "மொதல்லயே சொல்லிட்டுப் பரிமாறுங்க அத்தை, எங்க மாமா கோவக்காரர்" என்றாள். நல்ல பெண்.

நாளைக்கு ரசம்தான் முதலில் வரும். உங்களைப் போல இடப்பக்கம் நின்று பரிமாறுவேன், வலப்பக்கம் வந்து தட்டை எடுப்பேன். அந்தக் கையசைவு அப்படியே என்னிடம் இருக்கிறது. முதல் தட்டில் கை வைப்பதற்கு முன்னால் அந்தக் கோபக்கார மாமாவின் முகத்தைப் பார்த்து, "இன்னும் நெறைய வருதுங்க, எங்கப்பா இப்படித்தான் பரிமாறுவாரு" என்று சொல்வேன். அவர் முகத்தைச் சுளித்தால், இன்னொரு தடவை சத்தமாகச் சொல்வேன்.