முப்பத்திரண்டாவது ஆள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய், முதலில் அதற்கு என்னை மன்னித்துக்கொள். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், ஸ்பீக்கரைப் போடு என்பார், பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விடுவார், அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேறு வழி தெரியவில்லை. எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பாதிப் பேச்சு தொண்டையோடு நின்றுவிடும், இருபது வருடம் தண்ணீர் வரி கவுன்டரில் உட்கார்ந்தும் அது போகவில்லை. நம் வீட்டில் காலேஜ் படித்தவள் நான் ஒருத்திதான் என்று எந்த மனுவையும் என்னிடம்தான் எழுதக் கொடுப்பார்கள், எழுதுவது மட்டும் எனக்குக் கொஞ்சம் வரும். இங்கே எங்கள் உடம்புக்குக் குறைவில்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும். எனக்குப் புதுக் கண்ணாடி வந்திருக்கிறது. சித்தப்பாவை வேறு டிப்போவுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே போயும் கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டு ஊர்க்கதைதான் பேசுகிறாராம்.

பதினான்கு வருடம் முன்பு நூலகத்தில் உங்களை எல்லாம் பிடித்து வைத்திருந்ததை வைத்து டிவியில் ஒரு படம் போட்டார்கள் என்று மட்டும் உனக்குச் சொன்னேன், மிச்சத்தைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டார்கள். அப்பா பார்க்கமாட்டேன் என்றுதான் சொன்னார், தெரிஞ்ச கதைதானே, இதுல என்ன இருக்கு என்று சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சித்தப்பா வந்திருந்தார். நூலகத்தில் பைக்கு டோக்கன் கொடுப்பாரே, அந்த டோக்கன் மாமா வீட்டு அத்தையும் வந்தார். அவர் வீட்டு டிவி சின்னது, அவரை நல்லாப் பெரிசாப் பாக்கணும் என்று தேய்த்த சேலையைக் கட்டிக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, டிவிக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தார். படத்தில் நம் நூலகம் கண்ணாடி மாளிகை மாதிரி இருக்கிறது, ஒழுகுகிற கூரையும் இல்லை, ஆடுகிற மேஜையும் இல்லை. துப்பாக்கிக்காரர்கள் ஐந்து பேரும் சரியாக வந்தார்கள். இரண்டு சடை போட்ட ஒரு சிறுமி வந்தாள், பாரேன் நம்ம பாப்பா மூக்கு அப்படியே இருக்கு என்றார் சித்தப்பா. ஒரு இளம் அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டியதும் அன்று அப்பா கையால் வரைந்து கொடுத்த கட்டட வரைபடம் பளிச்சென்று விழுந்தது, அண்ணே உன் வேஷத்துல கம்ப்யூட்டர் நடிச்சிருக்கு, உன்னைவிட நல்லாவே நடிக்குது என்று அதற்கும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அத்தை படம் முழுக்க மாமா மாதிரி மூக்குக்கண்ணாடி போட்ட ஆள் யார் வந்தாலும் முன்னால் குனிந்து பார்த்தார், இல்லை என்றதும் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் ராணுவத்தினர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள், பணயக்கைதிகள் முப்பத்தொரு பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர் என்று எழுத்து வந்தது. உள்ளே இருந்தது முப்பத்திரண்டு பேர், உனக்குத் தெரியும். அவ்வளவுதானா என்று கேட்டார் அத்தை. பிறகு என்னைப் பார்த்து, நான் நடுவுல தம்ளர் கழுவப் போனேனே அண்ணி, அப்ப வந்துட்டுப் போயிட்டாரோ என்று கேட்டார். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன்.

அப்போதுதான் அப்பா ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பதினான்கு வருடமாக எனக்குக்கூடச் சொல்லாததைச் சொன்னார். அன்று சனிக்கிழமை, நூலகத்து எலக்ட்ரீஷியன் வேலைக்கு உன்னையும் கூட்டிப் போயிருந்தார் அல்லவா, டியூப்லைட் ஸ்டார்ட்டர் வாங்கக் கடைக்குப் போகிறேன், பாப்பாவைப் பாத்துக்கோங்க என்று பை வாங்கி வைக்கிற கவுன்டரில் டோக்கன் மாமாவிடம் உன்னை விட்டுவிட்டுப் போனார். திரும்பி வருவதற்குள் அவர்கள் உள்ளே நுழைந்து கதவை மூடிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ராணுவத்தினர் அவரைக் கூப்பிட்டு, கட்டடத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுங்கள் என்றார்கள். அப்பாவுக்கு ஒரு கட்டடம் என்றால் சுவர் இல்லை, ஒயர்தான், மெயின் போர்டிலிருந்து எந்த லைன் எந்த அறைக்குப் போகிறது என்று அதைப் பிடித்துக்கொண்டே வரைந்திருக்கிறார். நீங்கள் எல்லாரும் இரண்டாம் மாடி படிப்பு அறையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்ததால் அதற்குப் போகும் வழியை மூன்று முறை அழித்து அழித்து வரைந்தாராம். அந்த அறையின் மூலையில் மூன்று வாரம் முன்பு பிளைவுட் அடித்து ஜெராக்ஸ் எடுக்க ஒரு சின்ன அறை தடுத்திருந்தார்கள், அது அவர் படத்தில் வரவேயில்லை. மெயின் போர்டில் அதற்கு லைன் கிடையாது. ஜன்னல் இல்லாத அறை, கரண்ட் போனால் உள்ளே இருப்பவர் தடுமாறக் கூடாது என்று அதன் ஒரே விளக்குக்கு இவரே இன்வெர்ட்டரிலிருந்து தனியாக ஒயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார். மெயினை இறக்கினால் கட்டடம் முழுக்க இருட்டுதானே என்று அதிகாரி கேட்டதற்கு, அந்த ஒரு விளக்கை மறந்து, முழுக்க இருட்டு சார் என்று சொல்லிவிட்டார். அப்படியானால் அதற்குப் பிறகு வெளிச்சம் எங்கே தெரிந்தாலும் அது டார்ச் வைத்திருக்கும் துப்பாக்கிக்காரன் என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். பிளைவுட் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது, உள்ளே ஆள் நிழல் அசைந்தது, சுட்டுவிட்டார்கள், அது மாமா.

அத்தை அழுவார் என்று நினைத்தேன். சுவரில் இருந்த ஸ்விட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பதினாலு வருஷமா கூப்பிடாமலே வந்து என் வீட்டு ஃபேன், மோட்டார் எல்லாம் பாத்தீங்களேண்ணே, அது இதுக்காகத்தானா என்று கேட்டார். நான் உங்களைக் கூடப்பிறந்தவர்னு நெனச்சேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு கடையில் வேலை என்று போனவர் ஏணியில் ஏறிப் பாதியிலேயே இறங்கி வந்துவிட்டார், கரண்ட் பார்க்கிற டெஸ்டரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். படத்துல மாமாவையே காணோம், அவரைச் சாகடிச்ச நானும் இல்ல, ரெண்டு பேரையும் சேத்தே அழிச்சுட்டாங்க என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சித்தப்பா வந்து எவ்வளவோ கேலி பேசிப் பார்த்தார், கடைசியில் அவரே வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

படம் போட்ட ஒன்பதாம் நாள் அத்தை என் அலுவலகத்துக்கு வந்தார். பனியன் கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து எல்லாரோடும் வரிசையில் நின்றார், நான் கூப்பிட்டும் முன்னால் வரவில்லை. தன் முறை வந்ததும் ஜன்னல் வழியாக, அவரு எதுக்கு அந்த ரூமுக்குப் போனாரு, எல்லாரும் ஒண்ணா உக்காந்திருக்கையில இவரு மட்டும் ஏன் எந்திரிச்சுப் போனாரு, உங்க பொண்ணுக்குத் தெரியுமா அண்ணி, கேட்டுச் சொல்லுங்க என்றார். அண்ணன் மேல எனக்குக் கோவமா இல்லியான்னு அது தெரிஞ்சாதான் எனக்கே தெரியும் என்றார். பின்னால் இருந்தவர் சீக்கிரம்மா என்று சத்தம் போட்டார். நான் சட்டென்று, அவ அப்ப சின்னப் பிள்ளை, அவளுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல என்று சொல்லிவிட்டேன். சரிங்க அண்ணி என்று அவர் நகர்ந்துவிட்டார். பொய் சொன்ன வாயால் அடுத்தவரிடம் வரி ரசீதைக் கேட்டேன்.

நீ வேலை வேலை என்று காலையில் சாப்பிடாமல் ஓடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். எங்கே இருந்தாலும் நல்ல மனிதர்கள் நடுவில் நீ நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு உண்டு. வாடகை ஒப்பந்தம் முடிகிற தேதியை மறந்துவிடாதே, போன முறை மாதிரி கடைசி நாளில் வீடு தேடி அலையாதே.

இவ்வளவு எழுதியும் எழுத வந்ததை இன்னும் எழுதவில்லை. அன்று ராணுவ வண்டியில் போர்வை சுற்றி உன்னை என் மடியில் வைத்தார்கள். அம்மா, டோக்கன் மாமா எனக்காகத்தான் அந்த ரூமுக்கு என்று நீ ஆரம்பித்தாய். நான் உன் வாயைப் பொத்தினேன். ஒண்ணுமில்ல, மறந்துடு, யார்கிட்டயும் சொல்லாதே என்றேன். பதினொரு வயதுப் பிள்ளை தலையில் அந்தப் பாரம் ஏறக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன், இறக்கி வைக்க வந்தவளைத் தடுத்தது நான்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. அதன் பிறகு நீயும் ஒருநாளும் அதைப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் எனக்குச் சொல்ல வேண்டாம். அத்தைக்கு ஒரு போன் செய். ஆறரைக்கு வேலை முடிந்து வருவார், நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அப்பாவுக்காகப் பரிந்து பேசாதே, மன்னிக்கும்படி கேட்காதே. அன்று என் கையை மீறி நீ சொல்ல வந்தது எதுவோ, அதை முழுதாக அவரிடம் சொல்லிவிடு கண்ணு.

உன் அம்மா