நாலு நிமிடம் முன்பு வாங்கிய உருளி

மே 5, திங்கள்

சாலைக் கடைத்தெருவில் கோமதிநாயகம் அண்ணாச்சியின் பாத்திரக் கடை வெப்சைட்டை நான் கவனித்துக்கொள்ள ஆரம்பித்து நாலு மாதம். போன மாதம் எட்டிப் பார்த்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். வாங்கியவர்கள் பதினொரு பேர். ஜூன் முடிவதற்குள் இது மாறாவிட்டால் மூடிவிடலாம் என்றார் அண்ணாச்சி. மூடினால் எனக்கும் வேலையில்லை. பழைய கம்பெனி ஆள் குறைத்தபின் ஏழு மாதம் அலைந்து கிடைத்தது இது ஒன்றுதான்.

மே 8, வியாழன்

மனுஷ மனசு எப்போது 'சரி' சொல்கிறது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். தீர்ந்துவிடும் என்றால் அவசரம் வருமாம். நாலு பேர் வாங்கினார்கள் என்றால் தைரியம் வருமாம். அண்ணாச்சி செய்வது நேர்மாறு. பாயசம் காய்ச்சும் பெரிய வெண்கல உருளி கேட்டு வருகிறவர்களிடம் முதலில் சொல்வதே இதுதான்: "பதினாலு கிலோ. அடுப்புலேருந்து எறக்க ரெண்டாளு வேணும், கேட்டியளா. வீட்டுல ஆளு உண்டும்னா எடுங்க."

இப்படியா விற்பது?

மே 12, திங்கள்

உருளிக்குக் கீழே 'இன்னும் மூன்றே உள்ளன' என்று போட்டேன். கிடங்கில் நாற்பது இருக்கிறது. மூலையில் ஒரு சின்னப் பெட்டி, இன்னார் இன்ன ஊர் இப்போதுதான் வாங்கினார் என்று தானாக மாறி மாறி வரும். பெயர் யோசிக்கச் சோம்பல். எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் மனசாலேயே வாசல் வாசலாக நடந்து பன்னிரண்டு பேரைப் பிடித்துப் போட்டேன்.

மே 19, திங்கள்

ஒரே வாரத்தில் முப்பத்தொரு ஆர்டர்! அண்ணாச்சி டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். தலைகால் புரியாமல் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் லிங்க் போட்டுவிட்டேன்.

மே 21, புதன்

எதிர் வீட்டுப் பார்வதி மாமியின் பெண் ஆர்யாவுக்கு நிச்சயமாகிவிட்டதா என்று மூன்று மாமிகள் அம்மாவிடம் கேட்டார்களாம். எனக்கென்ன தெரியும்?

மே 22, வியாழன்

நான்தான் காரணம்.

'பார்வதியம்மாள், ஸ்ரீவராகம், 4 நிமிடம் முன்பு பெரிய உருளி வாங்கினார்.' தெருவே பார்த்திருக்கிறது. கல்யாணச் சீருக்கு இல்லாமல் எங்கள் தெருவில் அந்த உருளியை யார் வாங்குவார்கள்? கரமனையிலிருந்து ஹரிகுமார் என்ற பையனின் வீட்டார் ஆர்யாவைப் பெண் பார்த்துவிட்டுப் போய், இந்த வாரம் சம்மதம் சொல்வதாக இருந்தார்களாம். வேறு இடத்தில் முடித்து, சீர்ப் பாத்திரமும் வாங்கியாகிவிட்டது என்று அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. போனை எடுப்பதில்லையாம். ஆர்யாவுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்துப் போயிருந்தது.

ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன்!

பெட்டியை எடுத்தேன். 'மூன்றே உள்ளன' — அதையும் எடுத்தேன். அது போதுமா? போதாது.

மே 23, வெள்ளி

காலையில் மாமியிடம் போய்ச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். "என் பேரைப் போட்டயே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டயோடி?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அண்ணாச்சியிடம். முகம் கறுத்துவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு, "வா, கரமனைக்குப் போவோம்" என்றார். அங்கே ஹரிகுமாரின் அம்மாவிடம், "இந்தப் பிள்ள எழுதினது கள்ளம். அவங்க எங்க கடையில ஒரு கரண்டி கூட வாங்கல்ல" என்றார். நான் தலையாட்டினேன். அந்த அம்மா காப்பி கொடுத்தாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

ஜூன் 2, திங்கள்

போன வாரம் ஏழே ஆர்டர். வெப்சைட்டில் உருளிக்குக் கீழே அண்ணாச்சி சொல்வதை அப்படியே எழுதி வைத்தேன். பதினாலு கிலோ, இறக்க இரண்டு பேர் வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

கல்லாறு பக்கம் தங்கும் விடுதி நடத்தும் சுஜா என்பவர் போன் செய்தார். கனத்தை முன்னாலேயே சொன்ன கடை இது ஒன்றுதானாம். நாலு உருளி. உங்கள் பெயரை வெப்சைட்டில் போடலாமா என்று கேட்டேன். போடு என்றார்.

ஜூன் 30, திங்கள்

இந்த மாதம் நாற்பத்திரண்டு. மே மாத அளவு இல்லை. மூடுவதைப் பற்றி அண்ணாச்சி பேச்செடுக்கவில்லை. ஓணத்துக்கு வெப்சைட்டில் போடப் புதுப் படம் எடுக்க வேண்டும் என்றார்.

சாயங்காலம் கடைசி ஆர்டர்: பார்வதியம்மாள், ஸ்ரீவராகம். பெரிய உருளி, ஒன்று.

குறிப்பு எழுதும் இடத்தில்: 'கரமனைக்காரா சரின்னுட்டா. எறக்க ரெண்டு பேர் ஆச்சு. நிச்சயதார்த்தம் ஆகற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே.'