தோல் டாக்டர் சீட்

சாலவாக்கம்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் கல்பனாவுக்கு அம்மா பரிமளா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாம் சுகம், உன் அப்பாவின் முகத்தைத் தவிர. போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

மேல்படிப்புக்கு உனக்குத் தோல் டாக்டர் சீட் கிடைத்தது தெரிந்ததும் ஊரே துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. நீ ஆபரேஷன் டாக்டர் ஆகப்போகிறாய் என்று அப்பாதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாரே! அந்தக் காலத்தில் மார்க் குறைந்தவர்களுக்குத்தான் தோல் சீட் மிஞ்சுமாம். பக்கத்து வீட்டுச் செங்கேணி, "பொண்ணு கோட்டை வுட்டுடுச்சாமே பரிமளா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இப்போது முதலில் காலியாவதே அந்த சீட்தான், ஆபரேஷன் எல்லாம் அதற்கப்புறம்தான் என்று நீ சொன்னதைச் சொன்னேன். யார் நம்புகிறார்கள்!

நிலத்துக்காரர் வேதாசலத்துக்கு மட்டும் விவரம் தெரியும். அதனால் அவர் வேறு பாட்டு பாடினார். போன வாரம் வண்டியை விட்டு இறங்காமலே, "இன்னா ஐசக்கு, வயிறு அறுக்க ஆள் இல்லாம செங்கல்பட்டுக்கு ஓடிக்கினு கீறோம், உன் பொண்ணு பணக்காரனுக்கு க்ரீம் தடவப் போவுதா? ஊருக்குத் தொண்டு செய்யச் சொல்லு" என்றார். அப்பா தலை குனிந்து நின்றார். எனக்கு வந்ததே கோபம்! உங்கள் பையன் சுகுமார் அமெரிக்காவில் எந்த ஊருக்குத் தொண்டு செய்கிறான் என்று கேட்டுவிட்டேன். சேற்றுப்புண்ணில் வெந்து கிடக்கும் என் காலையும் காட்டி, இது தோல் இல்லையா என்றேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அதற்கப்புறம் நடவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும்.

நேற்று நீ அப்பாவிடம், உங்களுக்கு மனக்கஷ்டம் என்றால் இதை விட்டுவிட்டு அடுத்த ரவுண்டு கவுன்சிலிங்கில் ஆபரேஷன் சீட்டே எடுத்துக்கொள்கிறேன் என்றாயாமே? பிடித்ததைப் படிக்க வேண்டும், ராத்திரியில் தூங்க வேண்டும் என்று எடுத்தாய். அதில் என்ன தப்பு? தூக்கம் கெட்டு உழைக்க நம் வீட்டுப் பிள்ளைதான் கிடைத்தாளா?

நம் குடும்பத்தில் இதுவரை யாரும் வேலையைத் தேர்ந்தெடுத்ததில்லை. கூப்பிட்ட வேலைக்குப் போனோம், அவ்வளவுதான். நீதான் முதல் ஆள். அதை யாருக்காகவும் திருப்பிக் கொடுக்காதே, அப்பாவுக்காகவும் கூட.

சனிக்கிழமைக்குள் காலேஜில் போய்ச் சேர்ந்துவிடு. சேர்ந்ததும் போன் செய். நான் எடுக்க மாட்டேன், அப்பாதான் எடுப்பார். சாப்பிட்டீர்களா என்றெல்லாம் ஆரம்பிக்காதே. தோல் டாக்டர் கல்பனா பேசுகிறேன் என்று சொல். அவர் அழுதால் அழட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

கர்த்தர் உன் கையைப் பிடித்திருப்பார்.

உன் அம்மா,
பரிமளா