துணியின் மறுமுனை

டில்லி
12 ஆகஸ்ட் 2009

அன்புள்ள நச்சத்தர் அண்ணாவுக்கு,

சத் ஸ்ரீ அகால். உங்கள் தம்பி பல்கார் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். இருபத்தைந்து வருஷமாக என்னோடு பேசாதவர் ஒரு கடிதத்தைப் படித்துவிட்டால் குடி முழுகிவிடாது. போனில் என் குரல் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள், வேறு என்ன செய்வேன்?

உங்கள் பிள்ளை ஹர்பிந்தர் எல்லாம் சொன்னான். கழுத்தில் கட்டி, அது புற்றுநோய்தான் என்று முடிவு வந்தது, டாக்டர் இந்த வாரமே கீமோ ஆரம்பிக்கலாம் என்று சொன்னது. நீங்கள் மட்டும் "பருத்தி எடுத்து முடியட்டும், பாக்கலாம்" என்றீர்களாம். பருத்தியை ஹர்பிந்தர் எடுக்கமாட்டானா?

என் வீட்டுக்காரி ஜஸ்பீர் ஆறு வருஷம் முன்னால் இதே மருந்தை ஏற்றிக்கொண்டவள். இப்போது கல்லு மாதிரி இருக்கிறாள், என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் இல்லை. அதனால் தெரிந்ததை எழுதுகிறேன். முதல் நாள் ஒன்றும் ஆகாது. நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள், கை ஜில்லென்று ஆகும். ஒரு மருந்து செக்கச்செவேலென்று இருக்கும். அன்று சிறுநீரும் அதே நிறத்தில் போகும். ரத்தம் என்று அலறி அண்ணியை எழுப்பவேண்டாம். மறுநாளிலிருந்து குமட்டல். வாய் இரும்பைச் சப்பியது போல இருக்கும். ஜஸ்பீர் எவர்சில்வர் டம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டு மண் குவளையில்தான் மோர் குடித்தாள். வாயில் புண் வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம், விடியட்டும் என்று பார்க்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மூன்றாவது வாரம் தலைமுடியும் கொஞ்சம் கொட்டும். பிறகு வளர்ந்துவிடும்.

பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தலைப்பாகைத் துணியை மடிக்க நீங்கள் ஒரு முனை, நான் ஒரு முனை பிடிப்போமே. வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்து என்னைக் கவிழ்ப்பீர்கள். அந்தக் கைக்கு ஒரு ஊசி பெரிதா? ஆரம்பித்துவிடுங்கள் அண்ணா.

உங்கள் தம்பி,
பல்கார்

*

29 ஆகஸ்ட் 2009

பல்கார்,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

மோர், டம்ளர், சிறுநீர் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, முடியை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிட்டாய். சின்ன வயதிலும் இப்படித்தான். உடைத்த பானையைக் கடைசியில்தான் சொல்வாய்.

குருத்வாராவில் கிரந்தம் வாசிக்கும் கியானியிடம் கேட்டேன். "மருந்துல கொட்டுனா அது குத்தமில்ல, கத்திரி வெச்சாத்தான் குத்தம். போய் வைத்தியம் பாரும்யா" என்றார். நல்ல மனுஷன். ஆனால் அன்று நம் வாசலில் அவர் இல்லை.

நீ இருந்தாய். எண்பத்து நாலு நவம்பரில், டில்லியில் நம் ஆட்களை டயர் மாட்டிக் கொளுத்திய வாரம் கழிந்து, மொட்டைத் தலையும் வழித்த முகமுமாக வந்து நின்றாய். நான் என்ன சொன்னேன்? "தலையே போயிருந்தாலும் பரவால்லடா. உசுருக்குப் பயந்து முடியக் குடுத்துட்டு வந்திருக்கியே." ஊரே கேட்டது. இன்று அதே உயிருக்காக நானும் அதையே கொடுத்தால், அன்று சொன்னதற்கு என்ன அர்த்தம்? சொல்.

இனி எழுதவேண்டாம். ஜஸ்பீரைக் கேட்டதாகச் சொல்.

நச்சத்தர் சிங்

*

டில்லி
5 செப்டம்பர் 2009

அண்ணா,

எழுதுவேன். நீங்கள் சொல்வதைக் கேட்டு நடந்த காலம் போய்விட்டது.

அன்று கேட்காததை இன்று கேளுங்கள். எங்களை ஒளித்துவைத்த பக்கத்து வீட்டுச் சமையலறையில் ஜஸ்பீர்தான் வெட்டினாள், மீன் வெட்டுகிற கத்திரியால். கீழே தெருவில் மண்ணெண்ணெய் நாற்றம். என் தோள் குலுங்கியது. "ஆடாதீங்க, காது போயிடும்" என்று அதட்டினாள், அவளும் அழுதுகொண்டுதான். வெட்டியதை அவர்கள் வீட்டு அடுப்பிலேயே போட்டோம். அந்த வாடை இன்னும் எனக்குப் போகவில்லை. எல்லாம் அடங்கி ஊருக்குப் போனால் அண்ணன் கட்டிக்கொள்வார் என்றுதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் முடி வளர்க்கவே இல்லை. ஜஸ்பீர் எத்தனையோ தடவை கெஞ்சினாள். தலைப்பாகைக்குத் தகுதியில்லாத தலை என்று நீங்கள் சொன்ன பிறகு எதைக் கட்டிக்கொள்வது? உங்கள் வார்த்தையை இத்தனை வருஷமாக நான் சுமக்கிறேன். போதும். அதை வைத்துக்கொண்டு நீங்களும் சாகவேண்டாம். சொன்னது தப்பில்லை, சரியுமில்லை, ஏதோ ஒன்று. எனக்கு மன்னிப்பும் வேண்டாம். நீங்கள் உயிரோடு இருந்து இன்னும் இருபத்தைந்து வருஷம் என்னோடு பேசாமல் இருங்கள், நான் சந்தோஷமாக இருப்பேன்.

காலில் விழுந்து கேட்கிறேன். நாளைக்கே போங்கள்.

பல்கார்

*

டில்லி
10 அக்டோபர் 2009

அண்ணா,

பதில் இல்லை. ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை, பாலில் ஊறவைத்துக் கொடுக்கிறோம் என்று ஹர்பிந்தர் போனில் அழுகிறான். நான் கிளம்பி வரட்டுமா? வாசலில் நிறுத்தினாலும் பரவாயில்லை, நிற்கிறேன். வா என்று ஒரு வார்த்தை.

பல்கார்

*

22 நவம்பர் 2009

தம்பி பல்காருக்கு,

சத் ஸ்ரீ அகால். ஜஸ்பீருக்கும் உனக்கும் வாஹேகுரு துணை இருக்கட்டும்.

போன மாதக் கடைசியில் ஆரம்பித்துவிட்டேன். மூச்சு விடமுடியாமல் போனதும் ஹர்பிந்தர் என்னைக் கேட்கவேயில்லை, வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனான். டாக்டர் பெண் சின்னவள். ஆனாலும் என்னைத் திட்டினாள். "ஆகஸ்ட்ல வந்திருந்தா நான் தைரியமா பேசியிருப்பேன் பாபாஜி. இப்ப வயித்துலயும் இறங்கிடுச்சு. போட்டுப் பாப்போம், அவ்வளவுதான் சொல்லமுடியும்" என்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

நீ எழுதியது எல்லாம் அப்படியே நடந்தது. சிவப்பாகப் போனபோது அலறவில்லை. மண் குவளை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்றுதான் நான் என் புத்தியில் செய்தேன். முடி சீப்பில்தானே வரும், சீவாமல் இருந்தால் எப்படி வரும் என்று முதல் ஊசியிலிருந்து சீப்பையே தொடவில்லை. கொண்டையை இறுக்கிப்போட்டு அதன் மேல் தலைப்பாகையை இறுக்கிக் கட்டி, தூங்கும்போதும் கழற்றவில்லை. உன் அண்ணி சுரிந்தர் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிவிட்டேன். மூன்று வாரம் தாண்டியது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நேற்று அரிப்பு தாங்காமல் கழற்றினேன். கொண்டை தலைப்பாகைக்குள்ளேயே இருந்தது பல்கார். கட்டினது கட்டினபடி, நம் வழக்கப்படி உள்ளே செருகின சின்னச் சீப்போடு. என் தலை மட்டும் தனியாக வந்தது.

அதை மடியில் வைத்துக்கொண்டு கதவைத் தாழ்போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஹர்பிந்தர் தட்டிக்கொண்டே இருக்கிறான். பிள்ளை இதைப் பார்க்கவேண்டாம். இப்படி ஒரு தலையோடு வீட்டு வாசலில் வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும். நேற்று ராத்திரி முழுக்க உன்னை அந்த வாசலில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெறும் தலையோடு இந்தக் கதவைத் திறக்கமாட்டேன் என்று காலையில் புதுத் துணியை எடுத்தேன். நீ போன பிறகு மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டித்தான் மடித்துவருகிறேன். ஹர்பிந்தர் பிடிக்கிறேன் என்று எத்தனையோ தடவை வந்திருக்கிறான், விடவில்லை. அது உன் முனை. இன்று இழுத்தேன், பிடி நிற்காமல் துணி கீழே விழுந்துவிட்டது. மறுபடியும் விழுந்தது. இந்தக் கடிதத்தை ஜன்னல் வழியாகச் சுரிந்தரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

வா. வரும்போது உனக்கும் ஒரு துணி வாங்கி வா. முடி இல்லாத தலையில் கட்டலாமா என்று கியானியிடம் கேட்காதே, என்னிடமும் கேட்காதே. என் முனையை நீ பிடி, உன் முனையை நான் பிடிக்கிறேன். இழுக்கமாட்டேன், இழுக்க பலமில்லை. சும்மா பிடித்துக்கொள்வேன்.

சீக்கிரம் வா.

உன் அண்ணன்,
நச்சத்தர்