கொடும்பாவிக்கு நீ சொன்ன பெயர்

இன்று காலை குழாயைத் திறந்ததும் ப்ளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடித்தது. எவனோ தாராளமாகக் கொட்டியிருக்கிறான். ஊரே மூக்கைப் பொத்துகிற வாடை, உனக்கு மட்டும் பிடிக்கும். "இந்த வாடை வந்தாத்தான் தண்ணி வந்துருச்சுன்னு அர்த்தம்" என்பாய். உன்னை நினைத்துக்கொண்டே நின்றதில் குடம் வழிந்து கால் நனைந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அந்த ஒரு செம்புத் தண்ணீருக்கு என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

கல்யாணத்துக்கு முன்னால் நாம் இருவரும் ஒரே திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டினவர்கள். வாக்கப்பட்டதும் ஒரே ஊருக்கு. நான் மேலத் தெருவுக்கு வந்தேன், நீ குடிதண்ணீர்க் குழாய் போய் முடிகிற கடைசித் தெருவுக்குப் போனாய். பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும் என் வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். எனக்கு மைக் பிடித்துப் பேச வராது. நீதான் வீடு வீடாக ஏறி இறங்கினாய். "ஏத்தா, இவ வந்தா நம்ம தெருவுக்குத் தண்ணி வரும். வரலைன்னா என்னயக் கேளுங்க." உன் தெரு ஓட்டு முழுதும் எனக்கு விழுந்தது.

நான் ஜெயித்த நேரம், மழை பொய்த்தது. முல்லையாற்றில் மணல்தான் மிச்சம். ஆற்றுக்குள் இருக்கிற ஊர்க்கிணற்றில் ஊறியதை முறை வைத்து விட்டோம். உன் தெருவுக்கான குழாய் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. உன் தெருக் குழாயோ சீறும், காற்று வரும், அதோடு சரி. வழியில் உள்ள வீடுகளில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சுகிறார்கள் என்று ஆபீசில் சொன்னார்கள். "எல்லாத்தையும் புடுங்குங்க" என்று கையெழுத்துப் போட்டேன். பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் இருந்தார். பேச்செல்லாம் அவர், கையெழுத்து மட்டும் நான் என்பது ஊரறிந்த சங்கதி.

அந்தப் பஞ்சத்திலும் என் வீட்டுத் தொட்டி நிறைந்தது. குழாய் தொடங்குகிற பக்கம் இருக்கிற வீடு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். உன்னைக் கூப்பிட்டுத் தினமும் இரண்டு குடம் கொடுத்தேன். பெரிய தர்மவதி என்ற நினைப்பு எனக்கு. ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் டம்ளரை வைத்தாய். மாட்டுக் கொட்டம் இருக்கிற பக்கம் பார்த்தாய். "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று வெறுங்குடத்தோடு போனவள் அப்புறம் வரவில்லை. ராவுத்தர் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நான் தலைவியானது உனக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதவே இப்போது கூசுகிறது.

அந்தக் கோடையில்தான் மழை வேண்டி உன் தெருப் பெண்கள் கொடும்பாவி கட்டி இழுத்தார்கள். வைக்கோல் பொம்மை, பழைய சேலை, முகத்தில் கரியால் ஒரு மூக்குக்கண்ணாடி. ஊரில் கண்ணாடி போட்ட பொம்பளை நான் ஒருத்திதான். ஆபீஸ் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒப்பாரிக்கு நீதான் முன்பாட்டு. ஊரில் எந்தச் சாவுக்கும் உன்னைத்தானே கூப்பிடுவார்கள்.

"மழைய வெரட்டுன பாவி யாரு?" என்று நீ கேட்கிற இடம் வந்தது. வழக்கமாக அங்கே யார் பெயரையும் சொல்வதில்லை. அன்றைக்கு விடவில்லை. "பேரச் சொல்லு! தலைவி பேரச் சொல்லு!" என்று கத்தினார்கள். நீ மாரில் அடித்துக்கொண்டு உன் பெயரைச் சொன்னாய்.

கயிறு இழுத்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நீ மறுபடியும் பாடினாய். "வாக்குக் குடுத்த பாவி நானு, வாசல் வாசலா ஏறி எறங்குன பாவி நானு."

சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். "எம் பேர ஏன்டி சொல்லல?" என்றேன்.

"ஒனக்கு ஓட்டுக் கேட்டது யாரு? நாந்தான? அப்ப நாந்தான பாவி."

கல் பொறுக்கினபடியே, தலையைத் தூக்காமல் சொன்னாய். "ஒங்க மாட்டுக் கொட்டத்துல மோட்டாரு ஓடுது. காப்பி குடிக்க வந்த எனக்கே கேட்டுச்சு. அங்கனயே குடியிருக்குற ஒனக்குக் கேக்கலையா?"

"சத்தியமாக் கேக்கல" என்றேன். நீ "சரி" என்றாய். ஏசியிருந்தால் தேவலாம்.

வீட்டுக்கு வந்து கொட்டத்தில் வைக்கோலைப் புரட்டினேன். மோட்டார் இருந்தது, கை வைக்க முடியாத சூட்டோடு. "தலைவி வீட்டுலயே தண்ணி இல்லைன்னா ஊரு மதிக்குமா?" என்றார் வீட்டுக்காரர். மறுநாள் பேரூராட்சிக் குழாய் பிட்டரை வரவழைத்து, தெருவே பார்க்க அதைப் பிடுங்கச் சொன்னேன். அதற்கப்புறம் அவர் மாசக்கணக்கில் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த முறை உன் தெருவில் விரல் தண்டிக்குத் தண்ணீர் வந்தது. நீயும் பழையபடி காப்பி குடிக்க வந்தாய், குடம் இல்லாமல். அந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கவே இல்லை.

எனக்கு உண்மையிலேயே கேட்கவில்லையா? ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பின்தெரு மாவுமில் என்று நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு. வெள்ளிக்கிழமையும் அந்தச் சத்தம் வந்தது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நீயும் போய்விட்டாய்.

பதவி போய் வருஷங்கள் ஆகின்றன. தண்ணீர் விடுகிற நாளில் இப்போதும் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று காது கொடுக்கிறேன். கிழவிக்குக் கிறுக்கு என்று பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதோம். முன்பாட்டுக்கு ஆளில்லை. பாடுகிறவளே படுத்துக் கிடந்தாய். எனக்கு ராகம் தெரியாது, தெரிந்த மட்டும் எடுத்தேன். "பாவி யாரு" என்கிற இடத்தை நானாகவே கொண்டுவந்து, மாரில் அடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். அன்றைக்குக் கயிறு இழுத்தவர்கள் நாலைந்து பேர் அந்த வட்டத்தில் இருந்தார்கள். "நீ இல்லடி" என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான், அவளைத்தான் நடுவில் கிடத்தியிருந்தோம்.