டோலி வேண்டாம்

ஆஸ்பத்திரி,
24-7-1961

அன்புள்ள மங்கம்மாளுக்கு,

உன் புருஷன் கோபால்சாமி எழுதுவது. நான் நலம். நீயும் ஆடுகளும் நலமாக இருக்க வேண்டும். இதை உனக்கு வாசித்துக் காட்டும் தபால்கார முனியன் அண்ணன் தன் சரக்கு எதையும் சேர்க்காமல் வாசிக்கவும்.

மழை உண்டா? சாமை விதைத்தாயிற்றா?

வெள்ளிக்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மூங்கிலில் டோலி கட்டிக்கொண்டு நாலு ஆளோடு அடிவாரத்துக்கு வருவதாக உன் தம்பி கருப்பன் சொல்லி அனுப்பியிருந்தான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புளியமரத்திலிருந்து விழுந்து டோலியில் இறங்கி வந்தவன், மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் லாடம் கட்டப் படுக்கவைத்த மாடு மாதிரிதான் கிடந்தேன். காலுக்குப் பயிற்சி கொடுக்கும் தாஹிரா அம்மா, வாணியம்பாடிக்காரர், தினமும் என் காலைத் தூக்கி மடக்குவார். குணமாக்குவது அவர் வேலை, கிடப்பது என் வேலை என்று இருந்துவிட்டேன். ஒருநாள் சோம்பேறி என்று திட்டினார். எனக்கும் ரோஷம் வந்தது. சமத்தரையில நடக்கச் சொல்றீங்க, எங்க வூட்டுக்குப் போற வழி பூரா ஏத்தம்மா என்று கத்திவிட்டேன்.

அவர் தரையில் உட்கார்ந்து, வூட்டுக்குப் போனா இன்னா இன்னா செய்யணும், நீங்களே சொல்லுங்க என்று கேட்டார். இத்தனை மாதத்தில் யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. அழுதுவிட்டேன், மங்கா.

மறுநாளிலிருந்து, பின்பக்கம் கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேட்டில்தான் பயிற்சி. சரிவில் எப்படிக் கால் வைப்பது என்று நான் அவருக்குச் சொன்னேன். எந்தக் காலில் எவ்வளவு பாரம் என்று அவர் எனக்குச் சொன்னார். ஒருநாள் அவர் சறுக்கினார். நான் என் ஊன்றுகோலை நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவு நேரமும் என்னைத் தாங்கி நின்றது அந்தக் கெட்ட கால்தான். அதற்குப் பிறகு நான் கேட்டால் ஒழிய அவர் கை கொடுப்பதில்லை.

கால் ஒரு விரற்கடை குட்டைதான். இனி மரம் ஏற முடியாது. புளி உலுக்கக் கருப்பன் ஏறட்டும், பொறுக்க நான் இருக்கிறேன்.

டோலியில் வந்து இறங்கினால் ஊர் என்னைச் சாகும்வரை நோயாளியாகவே வைத்திருக்கும். ஆகையால் அடிவாரத்துக்கு நீ மட்டும் வா. கேழ்வரகுக் கூழ் கொண்டு வா. ஏறி முடிக்கப் பொழுது சாய்ந்தாலும் பரவாயில்லை. நான் உட்கார்ந்தால் நீயும் உட்காரு. நான் கேட்கும்போது மட்டும் கை கொடு.

ஒரு தடவையாவது கேட்பேன். கட்டாயம் வா.

உன்னை மலைச்சாமி காக்கட்டும்.

இப்படிக்கு,
நடந்தே வரும்
கோபால்சாமி